நாலு பேர், ஆறு இரவு: வீடா, ஹோட்டலா?

ஜன்னலோரம் | மார்ச் 3, இரவு 9.40

நாலு பேர், ஆறு இரவு. ரெண்டு படுக்கையறை வீடு ஒண்ணு இரவுக்கு 130, சுத்தம் செய்ய ஒரு தடவை 80. அதே தெருவில் ஹோட்டல், ரெண்டு ரூமும் சேர்த்து இரவுக்கு 200. எந்த ஊர்ப் பணம்னு கேட்காதீங்க, விகிதம்தான் விஷயம். வீடு மலிவு, சமையலறை இருக்கு, துணி துவைக்க மெஷின் இருக்கு. அப்புறம் எதுக்கு ஹோட்டலில் தங்குறாங்கன்னே புரியல. இறங்குற நேரம் இரவு 11.40.

மேசைக்குப் பின்னால் | மார்ச் 3, இரவு 10.05

கடைசி வரியை முதல் வரியா எழுதியிருக்கணும்.

கூட்டல்கழித்தல் | மார்ச் 3, இரவு 10.31

மலிவுன்னு அதுக்குள்ள முடிவு பண்ணாதீங்க. சுத்தக் கட்டணம் ஒரே தடவைதான். ஆனா வீடு பதிவு பண்ற இணையதளத்தோட சேவைக் கட்டணம் வாடகை மேல மட்டும் விழாது, சுத்தக் கட்டணத்தையும் சேர்த்த மொத்தத்து மேல விழும். அது 14 சதவீதம்னு வச்சுக்குவோம். உதாரணத்துக்கு இரவுக்கு ஹோட்டல் 100, வீடு 80, சுத்தம் ஒரு தடவை 60.

1 இரவு: வீடு 160, ஹோட்டல் 100
3 இரவு: 342, 300
5 இரவு: 524, 500
7 இரவு: 707, 700
8 இரவு: 798, 800

எட்டாவது இரவில்தான் வீடு முந்துது. ஆறு இரவுக்கு ஹோட்டல்தான் லாபம்.

ஜன்னலோரம் | மார்ச் 3, இரவு 10.38

நான் கேட்டது நாலு பேருக்கு. நீங்க போட்டது ரெண்டு பேருக்கு.

கூட்டல்கழித்தல் | மார்ச் 3, இரவு 10.52

ஆமா, அவசரப்பட்டுட்டேன். மேல எழுதினதை அழிக்கல, ஒரே ரூம் போதும்கிறவங்களுக்கு அது சரிதான். உங்க எண்களை வச்சு மறுபடி போட்டா, ஒரு இரவுக்கு வீடு 239, ஹோட்டல் 200. ரெண்டு இரவுக்கு 388, 400. ரெண்டாவது இரவிலேயே வீடு முந்திடுது. ஆறு இரவுக்கு 980, 1200.

அதாவது எத்தனை இரவுங்கிறதை விட எத்தனை ரூம்ங்கிறதுதான் கணக்கைப் புரட்டுது. ஹோட்டலில் மூணாவது ஆளுக்கு எக்ஸ்ட்ரா பெட், அஞ்சாவது ஆளுக்கு இன்னொரு ரூம்னு படிப்படியா ஏறும். வீட்டில் அந்தப் படி பெரும்பாலும் கிடையாது. ஆனா சில வீடுகளில் ரெண்டு பேருக்கு மேல தலைக்கு இவ்வளவுன்னு தனியா வாங்குவாங்க. தேடும்போது ஆள் எண்ணிக்கையைச் சரியாப் போட்டாத்தான் அது விலையில் தெரியும். 'ரெண்டு பேர்'னு தேடிட்டு நாலு பேரா போய் நின்னா கூடுதல் பணமும் போகும், தகராறும் வரும்.

சின்னஎழுத்து | மார்ச் 4, காலை 6.15

கூட்டல்கழித்தல் விட்டதில் மூணு விஷயம்.

ஒண்ணு, எல்லா வீட்டிலும் சேவைக் கட்டணம் விருந்தினர் தலையில் விழாது. சிலவற்றில் ஓனரே மொத்தத்தையும் ஏத்துக்கிட்டு வாடகையை அதுக்கேத்த மாதிரி உயர்த்தி வச்சிருப்பார். அதனால இரவு விலையை ஒப்பிடாதீங்க, கடைசிப் பக்கத்தில் 'பணம் கட்டு' பட்டனுக்கு மேல வர்ற மொத்தத்தை ஒப்பிடுங்க. அமெரிக்காவில் ஹோட்டலானாலும் வீடானாலும் கட்டாயக் கட்டணங்கள் எல்லாத்தையும் சேர்த்த விலையை முன்னாலயே காட்டணும்னு கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் நடப்பில் இருக்கு. அங்கேயும் அரசு வரி அந்த விலையில் சேராமல் கடைசியில் வரலாம். மற்ற ஊர்களில் நீங்களேதான் தோண்டணும்.

ரெண்டு, ஹோட்டல் பக்கமும் ஒளிச்சு வைக்கிற கட்டணம் உண்டு. ரிசார்ட் கட்டணம் (நீச்சல்குளம், ஜிம்முன்னு சொல்லித் தினமும் போடுறது), பார்க்கிங், நகர வரி. நகர வரி பல இடங்களில் தலைக்கு, இரவுக்கு இவ்வளவுன்னு நேரில் வாங்குறது. நாலு பேர், ஆறு இரவுன்னா 24 மடங்கு.

மூணு, வாரத் தள்ளுபடி. பல வீடுகளில் ஏழு இரவு ஆனதும் தானா விழும். கூட்டல்கழித்தலோட முதல் கணக்கில் 10 சதவீதம் தள்ளுபடி போட்டா ஏழு இரவுக்கு 707 இல்லை, 643. சில நேரம் ஆறு இரவை விட ஏழு இரவு மலிவாவே முடியும். ஏழுக்குப் பதிவு பண்ணிட்டு ஆறு இரவோட கிளம்பினா யாரும் கட்டிப்போட மாட்டாங்க.

கூட்டல்கழித்தல் | மார்ச் 4, காலை 6.40

சரிபார்த்தேன். என் முதல் உதாரணத்தில் ஆறு இரவு 616, தள்ளுபடியோட ஏழு இரவு 643. மலிவு இல்லை, ஆனா கூடுதல் இரவு 27-க்குக் கிடைக்குது. 20 சதவீதம் தள்ளுபடின்னா 579, அப்போ நீங்க சொன்னது நிஜம்.

மேசைக்குப் பின்னால் | மார்ச் 4, காலை 11.20

கணக்கு முடிஞ்சதுன்னா நான் சொல்றேன். ஹோட்டலுக்குக் கொடுக்கிற கூடுதல் பணம் சோப்புக்கும் துண்டுக்கும் இல்லை. ஏசி ஓடலையா, கழிவறை அடைச்சுக்கிச்சா, பக்கத்து ரூமில் கத்துறாங்களா, இரவு ரெண்டு மணிக்குக் கீழே போன் போட்டா இன்னொரு ரூம் சாவி வரும். ஹோட்டல் நிறைஞ்சிருந்தாலும் சரி பண்ண ஆள் வரும். வீட்டில் மாற்று ரூம் கிடையாது. ஓனர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் அவர்கிட்ட இருக்கிறது அந்த ஒரு வீடுதான்.

'ஹோட்டல்னா பத்திரம்'னு இதை எடுத்துக்காதீங்க. ஹோட்டல்களும் இருக்கிற ரூமை விடக் கூடுதலாப் பதிவு வாங்கும், ஏன்னா தினமும் சிலர் வராமலே போறாங்க. எல்லாரும் வந்துட்டா கடைசியில் வர்றவரைப் பக்கத்து ஹோட்டலுக்கு அனுப்புவோம், எங்க பாஷையில் 'வாக்' பண்றது. யாரைன்னா, இரவு நேரம் கழிச்சு வர்றவர், ஒரே ஒரு இரவுக்காரர், ஹோட்டலில் நேரா இல்லாம வேற இணையதளம் வழியா மலிவா பதிவு பண்ணவர். 11.40-க்கு இறங்கி, பெட்டி எடுத்து, ஊருக்குள்ள வர மணி ஒண்ணு ஆகும். நீங்க பட்டியலில் முதல் ஆள்.

தடுக்க வழி இருக்கு. அன்னைக்கு மாலை நாலு மணிக்கு மேல ஹோட்டலுக்கே நேரா போன் போடுங்க, தளத்துக்கு இல்லை. 'லேட் அரைவல், விமான எண் இது'ன்னு பதிவில் குறிக்கச் சொல்லி, பேசினவர் பெயரைக் கேட்டு வச்சுக்குங்க. குறிச்ச பதிவை வாக் பண்ண யாரும் துணியறதில்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா குறிக்காதது முதலில் போகும். அப்படியே அனுப்பினாலும் வழக்கம் என்னன்னா அன்னைக்கு இரவுக்கான வேற ஹோட்டல் செலவும் அங்கே போற வண்டிச் செலவும் அவங்களுது. வாயைத் திறந்து கேட்கணும்.

இன்னொண்ணு. விமானம் தவறி முதல் நாள் வரலன்னா சொல்லிடுங்க. சொல்லாம விட்டா 'நோ ஷோ', அதாவது ஆள் வரலன்னு போட்டு மிச்ச அஞ்சு இரவையும் சேர்த்து ரத்து பண்ணிடுவாங்க. பணம் கட்டியாச்சேன்னு நினைப்பீங்க. அது பணம், இது ரூம்.

சாவிக்கொத்து | மார்ச் 4, மதியம் 2.10

மணி ஒண்ணுக்கு வீட்டு வாசலில் நிக்கப் போறீங்கன்னா கதவைப் பத்திப் பேசுவோம்.

சாவிப்பெட்டியில் ரெண்டு வகை. உருட்டு எண் வகையில் நாலு எண்ணும் கோட்டுக்கு நேரா நிக்கணும், பாதி உருண்டு நின்னா திறக்காது. பட்டன் வகையில்தான் மக்கள் மாட்டுறாங்க. முன்னால யாரோ ஒரு எண்ணை அழுத்திட்டுப் போயிருந்தா அது உள்ளேயே நிக்கும், அது மேல உங்க சரியான எண்ணைப் போட்டாலும் தப்பாத்தான் முடியும். முதலில் 'கிளியர்' நெம்புகோலைக் கீழே இழுத்து விடுங்க, அப்புறம் எண்ணை அழுத்துங்க. சாவியை எடுத்ததும் மூடிட்டு எண்ணைக் கலைச்சு விடுங்க.

எண் பலகைப் பூட்டில் பெரும்பாலும் நாலு ஏஏ பேட்டரி. அது செத்துப் போனா பல மாடல்களில் பலகைக்கு அடியில் ரெண்டு சின்ன உலோகப் புள்ளி இருக்கும். அதில் 9 வோல்ட் சதுர பேட்டரியோட ரெண்டு முனையையும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே எண்ணைப் போட்டா திறக்கும். பிடியை விட்டா பூட்டு மறுபடி செத்துடும், அதனால ஒருத்தர் பிடிக்க ஒருத்தர் அழுத்தணும்.

ஐரோப்பா பக்கம் போறவங்களுக்குத் தனியா. அங்கே உருளைப் பூட்டு, ரெண்டு பக்கமும் சாவித்துளை. உள்பக்கம் சாவியைத் தொங்க விட்டுட்டு எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்தினா, சாதாரண உருளையில் வெளியிலிருந்து இன்னொரு சாவி போட்டாலும் திரும்பாது. கதவோ சாத்தினதும் தானா பூட்டிக்கிற வகை. பூட்டுக்காரர்தான் கதி, நள்ளிரவுக் கூலி. உள்ளே வந்ததும் சாவியைத் துளையிலிருந்து எடுத்து வாசல் பக்கத்து ஆணியில் மாட்டுங்க. தூங்கும்போதும் ஆணியில்தான். தீப்பிடிச்சா இருட்டில் தேடாம எடுக்கணும்.

ஜன்னலோரம் | மார்ச் 4, மதியம் 2.32

பயமுறுத்துறீங்களே.

சாவிக்கொத்து | மார்ச் 4, மதியம் 2.35

விமானம் ஏறும் முன்னாடியே ஓனர்கிட்ட மூணு கேளுங்க. பூட்டோட படம், கட்டட வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் வேற வேற எண்ணா, இரவு ஒரு மணிக்கு அடிச்சா எடுக்கிற போன் யாரோடது. மூணாவதுக்கு மழுப்பினா வேற வீடு பாருங்க. பதில் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, தெருவில் நெட் கிடைக்கலன்னா ஆப் திறக்காது.

வெந்நீர் | மார்ச் 5, காலை 7.02

பெயருக்கு ஏத்த மாதிரி பேசுறேன். நாலு பேர், ஒரு குளியலறை வீடுன்னா வாடகைக்கு முன்னாடி கேட்க வேண்டியது ஹீட்டர் எத்தனை லிட்டர்.

80 லிட்டர் தொட்டி, உள்ளே 60 டிகிரி, வர்ற தண்ணி 15 டிகிரி. குளிக்கிறது 40-இல். கலந்தா 144 லிட்டர் வெந்நீர் கிடைக்கும். ஷவர் நிமிஷத்துக்கு 9 லிட்டர்னா 16 நிமிஷம். நாலு பேருக்கு ஆளுக்கு நாலு நிமிஷம். தீர்ந்த தொட்டி 2 கிலோவாட் சுருளில் மறுபடி 60-க்கு ஏற ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல.

குழாய்ரிப்பேர் | மார்ச் 5, காலை 8.45

கணக்கு சரி, தொட்டி அப்படி நடக்காது. கடைசிச் சொட்டு வரைக்கும் 60 டிகிரியில் வராது. அடியில் பச்சைத் தண்ணி நுழைஞ்சுக்கிட்டே இருக்கும், முக்கால் தொட்டி போனதும் இளஞ்சூடுதான். 108 லிட்டர்னு வச்சுக்குங்க. 12 நிமிஷம், ஆளுக்கு மூணு. குளிக்கும்போதே சுருள் ஓடுமேன்னு கேட்பீங்க. அது நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் சொச்சம்தான் சேர்க்கும், கணக்கில் எடுக்கிற அளவு இல்லை.

வெந்நீர் | மார்ச் 5, காலை 8.58

ஒப்புக்கிறேன், மூணு நிமிஷம். தலைக்குக் குளிக்கிறவங்க கடைசியில் நிக்க வேண்டாம்.

குழாய்ரிப்பேர் | மார்ச் 5, காலை 9.20

பாதி இரவில், பாதி காலையில்னு பிரிச்சுக்கிட்டா தீர்ந்தது. தொட்டி இல்லாத கேஸ் ஹீட்டர்னா தீராது, ஆனா அது குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்தா கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கான்னு முதலில் பாருங்க. வாசனை வராத வாயு. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனா குறையுதுன்னா ஹீட்டரை அணைச்சு, ஜன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே. அப்புறம்தான் ஓனருக்குப் போன்.

அலாரம் கத்துற விதமும் தெரிஞ்சிருக்கணும். பல மாடல்களில் மூணு மூணாக் கத்தினா புகை. நாலு நாலாக் கத்தினா கார்பன் மோனாக்சைடு. அரை நிமிஷத்துக்கோ ஒரு நிமிஷத்துக்கோ ஒரு 'கீச்'னா பேட்டரி தீருது. அந்தக் கீச் பெரும்பாலும் விடியற்காலை மூணு மணிக்கே ஆரம்பிக்கும். வீடு அப்போதான் அதிகமாக் குளிர்ந்திருக்கும், குளிரில் பேட்டரியோட வோல்டேஜ் இறங்கும். ஓனர் சதி இல்லை. கழற்றி எறியாதீங்க, பேட்டரி மாத்துங்க.

ஹோட்டலில் தண்ணி பெரும்பாலும் மையக் கொதிகலனிலிருந்து சுத்திக்கிட்டே இருக்கும், திறந்ததும் சூடு வரும். அங்கே குறையிறது காலை ஏழு எட்டு மணிக்கு அழுத்தம், அதுவும் மேல் மாடியில்.

காற்றுமெத்தை | மார்ச் 5, மதியம் 1.15

குறுக்கே ஒண்ணு. வீடு வாடகைக்கு எடுக்கிற இணையதளமான ஏர்பிஎன்பி 2008-இல் ஆரம்பிச்சப்போ பெயருக்கு அர்த்தம் காற்றடைச்ச மெத்தையும் காலைச் சாப்பாடும். இப்போ தேடிப் பாருங்க, மெத்தையில் காற்று இல்லை, காலையில் சாப்பாடும் இல்லை. நம்ம மொழியில் 'ஹோட்டல்'னா சாப்பிடுற இடமும் அதேதான். அந்தப் பெயராவது பாதி நிஜம்.

விதிமுறை | மார்ச் 5, மாலை 5.50

எந்த ஊர்னு ஜன்னலோரம் சொல்லவே இல்லை. வீடு எடுக்கும்போது அதுதான் முதல் கேள்வி. சில ஊர்களில் உங்க பதிவு சட்டத்துக்கே புறம்பா இருக்கலாம், அப்போ நாள் நெருங்கும்போது ரத்தாகும்.

நியூயார்க்கில் 18-ஆம் எண் உள்ளூர்ச் சட்டத்தை 2023 செப்டம்பர் 5 முதல் கறாரா நடத்துறாங்க. 30 நாளுக்குக் குறைஞ்ச வாடகைன்னா ஓனர் பதிவு எண் வாங்கியிருக்கணும், அதே வீட்டில் கூடவே தங்கணும், விருந்தினர் ரெண்டு பேருக்கு மேல கூடாது. அங்கே நாலு பேருக்கு ஆறு இரவு 'முழு வீடு'ன்னு ஒரு சாதாரண அபார்ட்மென்ட் வந்தா தள்ளி நில்லுங்க.

பார்சிலோனாவில் 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பருக்கு மேல நீட்டிக்கப் போறதில்லைன்னு மேயர் ஜௌமே கொல்போனி 2024 ஜூனில் அறிவிச்சார். லண்டனில் தனி அனுமதி இல்லாம ஒரு வீட்டை ஆண்டுக்கு 90 இரவுதான் இப்படி வாடகைக்கு விடலாம். பாரிஸில் ஓனர் தானே குடியிருக்கிற வீட்டுக்கு 120 நாள் இருந்தது, 2025-இல் 90 ஆச்சு. ஆம்ஸ்டர்டாமில் 2019-இல் 30 இரவு. ஜப்பானில் 2018 ஜூனில் வந்த சட்டப்படி 180 நாள்.

இந்த எண்கள் ஓனர் தலைவலிதானேன்னு விட முடியாது. வரம்பு தீர்ந்தா ஆண்டுக் கடைசியில் வைச்ச பதிவுதான் காத்துல போகும். விளம்பரத்தில் பதிவு எண் இருக்கான்னு பாருங்க. பல நகரங்களில் அந்த எண்ணை நகராட்சிப் பக்கத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். 'யாராவது கேட்டா நண்பர்னு சொல்லுங்க'ன்னு ஓனர் எழுதினா அதுவே பதில்.

மேசைக்குப் பின்னால் | மார்ச் 5, இரவு 8.10

ரத்துன்னதும் ஞாபகம் வருது. ரத்துக் கெடு பெரும்பாலும் தங்குமிடத்து நேரப்படிதான், உங்க ஊர் நேரப்படி இல்லை. 'மாலை 6 வரை இலவசம்'னா எந்த ஊர் மாலைன்னு பாருங்க.

கார்டு விஷயமும். செக்-இன் நேரத்தில் ஹோட்டல் ஒரு தொகையைக் கார்டில் பிடிச்சு வைக்கும். கிரெடிட் கார்டில் அது வெறும் வரம்புக் குறைப்பு. டெபிட் கார்டில் கணக்கிலிருக்கிற நிஜப் பணமே முடங்கும், கிளம்பின பிறகு விடுபட ஒரு வாரம் கூட ஆகலாம். ரெண்டு ரூம், ஆறு இரவுன்னா கைச்செலவுப் பணம் மாட்டிக்கும். மெஷின் 'உங்க ஊர்ப் பணத்தில் கட்டவா'ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லி அந்த ஊர்ப் பணத்திலேயே கட்டுங்க. மாற்று விகிதத்தில் அவங்க வச்சுக்கிற பங்குதான் அந்த அக்கறை.

சின்னஎழுத்து | மார்ச் 6, காலை 6.30

விமர்சனம் படிக்கிறது பத்தி. வீட்டுத் தளங்களில் 5-க்கு 4.7-ன்னா ஹோட்டலில் இருக்கிற 4.7 மாதிரி நினைக்காதீங்க. ஓனரும் விருந்தினரும் ஒருத்தருக்கொருத்தர் மார்க் போடுற இடம், முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூச்சம். ஏர்பிஎன்பியில் ரெண்டு பேரும் எழுதின பிறகோ 14 நாள் முடிஞ்ச பிறகோதான் ரெண்டும் ஒண்ணா வெளியாகும், பழிவாங்கல் குறையட்டும்னு. கூச்சம் அதனால போகல.

அதனால புகழ்ச்சியைப் படிக்காதீங்க, ஒட்டிக்கிட்டு வர்ற 'ஆனா'வைப் படிங்க. 'அருமையான வீடு, ஆனா படி கொஞ்சம்' அப்படின்னா நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. 'இளமையான பகுதி'ன்னா கீழே மதுக்கூடம். 'ஓனர் உடனே வந்து சரி பண்ணார்'னு அஞ்சு பேர் எழுதினா, அஞ்சு தடவை ஏதோ கெட்டிருக்கு. விமர்சனத் தேடலில் சத்தம், வாசனை, வெந்நீர், படி, சாவி. இந்த அஞ்சும் போதும்.

'6 பேர் தூங்கலாம்'கிறதை நம்பாம படுக்கைப் பட்டியலை எண்ணுங்க. ரெண்டு பேர் சோபாவில் இருப்பாங்க. வரைபடத்தில் வீட்டுக்குப் பெரும்பாலும் ஒரு வட்டம்தான் காட்டும், சரியான முகவரி பணம் கட்டின பிறகு. வட்டத்தோட ஓரத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு நடை தூரம் பாருங்க, நடுவிலிருந்து இல்லை.

பணத்தைத் தளத்துக்கு வெளியே அனுப்பச் சொன்னா அங்கேயே நிறுத்துங்க. 'கார்டைச் சரிபார்க்கணும்'னு லிங்க் வந்தா ஹோட்டல் பெயரிலேயே வந்தாலும் அழுத்தாதீங்க. அவங்க கணக்கையே திருடி அனுப்புற மோசடி உண்டு. போன் போட்டுக் கேளுங்க.

ஜன்னலோரம் | மார்ச் 6, காலை 9.05

கேமரா பயம் வீட்டில் ஒருத்தருக்கு. என்ன சொல்றது?

குழாய்ரிப்பேர் | மார்ச் 6, காலை 9.40

ஏர்பிஎன்பியில் 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள்ள கேமராவே கூடாது, அணைச்சு வச்சிருந்தாலும் கூடாது. வெளியே வைக்கலாம், விளம்பரத்தில் சொல்லியிருக்கணும்.

சோதிக்க, விளக்கை எல்லாம் அணைச்சு, போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிச்சு மெதுவா சுத்துங்க. லென்ஸ்னா ஒரு புள்ளி திருப்பி மின்னும். படுக்கையைப் பார்த்த மாதிரி இருக்கிற கடிகாரம், சார்ஜர், புகை அலாரம். வைஃபையில் இருக்கிற கருவிகளைக் காட்டுற ஆப் உதவும், ஆனா நினைவு அட்டையில் பதியுற கேமரா அதில் வராது. ஒண்ணும் தெரியலன்னா ஒண்ணும் இல்லைன்னு உறுதி கிடையாது. ஹோட்டலுக்கும் இதே சோதனைதான்.

சாவிக்கொத்து | மார்ச் 6, காலை 10.15

உள்ளே போனதும் பெட்டியைப் பிரிக்கும் முன்னாடி ரெண்டு நிமிஷ வீடியோ. ஒவ்வொரு அறை, மேஜைக் கீறல், உடைஞ்ச கண்ணாடி, அடுப்பு, திறந்த அலமாரி. கிளம்பும்போது இன்னொண்ணு. ஏர்பிஎன்பியில் செக்-அவுட் ஆகி 14 நாள் வரைக்கும் ஓனர் சேதத்துக்குப் பணம் கேட்கலாம். உங்க பக்கத்துப் புகாருக்குக் கெடு, கண்டுபிடிச்சு 72 மணி நேரம். புகாரை ஆப் உள்ளேயே எழுதுங்க. வேற செயலியில் பேசினது வழக்குன்னு வந்தா செல்லாக்காசு.

மெத்தை ஓரத் தையலையும் தூக்கிப் பாருங்க. துரு நிறப் புள்ளிகள்னா மூட்டைப்பூச்சி. பார்த்து முடிக்கும் வரை பெட்டி குளியலறைத் தரையில் இருக்கட்டும். இதிலும் ஹோட்டல் உசத்தி கிடையாது. ஆனா ஹோட்டல்னா ரூம் மாத்தலாம், மேசைக்குப் பின்னால் சொன்னது அதுதான். மாத்தும்போது பக்கத்து ரூமோ நேர் மேலே கீழேயோ வேண்டாம், சுவர் வழியா வரும்.

வெந்நீர் | மார்ச் 6, மதியம் 12.30

துணி மெஷின் இருக்குன்னு முதல் வரியில் சந்தோஷப்பட்டாரே. துவைச்சு உலர்த்துற ரெண்டும் ஒண்ணான மெஷின்னா ஒரு எச்சரிக்கை. 8 கிலோ துவைக்கும், உலர்த்துறது 5 கிலோதான். நிறைய அடைச்சு ஒரே ஓட்டமா விட்டா நாலஞ்சு மணி நேரம் கழிச்சு வெந்த ஈரத்துணி வரும். கிளம்புற நாள் காலையில் போடாதீங்க, முந்தின நாள் மதியம் போடுங்க.

இண்டக்ஷன் அடுப்பு ஒண்ணும் கேட்கலன்னா கெட்டுப்போச்சுன்னு ஓனரை எழுப்பாதீங்க. 'எல்'னு எழுத்தோ பூட்டுப் படமோ தெரிஞ்சா பட்டன்கள் பூட்டியிருக்கு, பூட்டுப் பட்டனை மூணு விநாடி அழுத்திப் பிடிங்க.

கூட்டல்கழித்தல் | மார்ச் 6, இரவு 9.15

திரும்ப யோசிச்சேன். 1200-க்கும் 980-க்கும் வித்தியாசம் 220. முதல் இரவை மட்டும் ஹோட்டலில், மிச்ச அஞ்சை வீட்டில் போட்டா 200 + (650 + 80) × 1.14 = 1032. முழுக்க வீடுன்னா 980. அதாவது 52 கொடுத்தா இரவு ஒரு மணிக்கு இருட்டில் சாவிப்பெட்டியோட மல்லுக்கட்ட வேண்டாம்.

மேசைக்குப் பின்னால் | மார்ச் 6, இரவு 9.40

நல்ல யோசனை, ஒரு ஓட்டை. ஹோட்டல் செக்-அவுட் 11 மணி, வீட்டு செக்-இன் மூணு மணி. நடுவில் நாலு மணி நேரம் பெட்டியை எங்கே வைப்பீங்க? ஹோட்டலில் கேட்டா வச்சுக்குவாங்க. கடைசி நாள் வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் சிக்கல், அங்கே வச்சுக்க ஆள் இல்லை. மாலை விமானம்னா திருப்பிப் போடுங்க, வீட்டை முதலில் எடுத்துக் கடைசி இரவை ஹோட்டலில்.

சமையலறையும் வேணும், வரவேற்பு மேசையும் வேணும்னா அபார்ட்-ஹோட்டல்னு தேடுங்க. விலை ரெண்டுக்கும் நடுவில். மேசை 24 மணி நேரமா, எட்டு மணியோட மூடிடுமான்னு கேட்டுக்குங்க. பாதி இடங்களில் பேருக்குத்தான் மேசை.

ஜன்னலோரம் | மார்ச் 7, காலை 7.25

முடிவு: முதல் இரவு ஹோட்டல், அஞ்சு இரவு வீடு. திரும்புற விமானம் மதியம் ஒண்ணுக்கு, பெட்டிப் பிரச்சினை இல்லை. பதிவு எண் நகராட்சிப் பக்கத்தில் சரியா வருது. ஹீட்டர் 150 லிட்டர்னு ஓனர் படமே அனுப்பிட்டார். பூட்டு எண் பலகை வகை, அடியில் ரெண்டு புள்ளி தெரியுது. 9 வோல்ட் பேட்டரி ஒண்ணு வாங்கியாச்சு.

சாவிக்கொத்து | மார்ச் 7, காலை 7.50

பேட்டரி முனை ரெண்டிலும் டேப் ஒட்டிக் கைப்பையில் வைங்க. சாவிக்கொத்தோட சேர்ந்து கிடந்தா உரசிச் சூடாகும்.